வேலி முதலில், குதிரை பிறகு

காட்டுக் குதிரை ஒன்றைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் குதிரையைப் பார்க்கப் போவதன்று, வேலி போடுவதே என்று நான் சொல்லும்போது, என்னிடம் ஆவலோடு விசாரிக்கும் நண்பர்களில் பலர் சற்றே ஏமாற்றம் அடைகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பொட்டல் வெளியிலே பிடரி மயிர் பறக்க ஓடிவரும் கூட்டத்தைப் பற்றிய வர்ணனையைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்தக் காட்சி இந்தப் பிரதேசத்தில் இல்லாமல் இல்லை. ரீனோ நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் அதைக் கண்டு நானும் மெய்மறந்து நின்றதுண்டு. ஆயினும், அந்த அழகில் மனத்தைப் பறிகொடுத்து, முன்பின் யோசியாமல் ஒரு ஜீவனைத் தம் கொல்லைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பிறகு அதற்கு வேண்டிய தீனியையும் இடத்தையும் பொழுதையும் கொடுக்க மாட்டாமல் கைவிடுகிறவர்களால் விளையும் துன்பம் முழுவதும் அந்த வாயில்லாப் பிராணியின் தலையிலேயே விழுகிறதாகையால், ஓட்டத்தின் அழகை ஒதுக்கிவைத்துவிட்டு ஏற்பாடுகளைப் பற்றியே விரிவாக எழுதுவதென்று தீர்மானித்தேன்.

இக்குதிரைகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரை இனம் தோன்றி வளர்ந்ததே வட அமெரிக்காவில்தான். ஆனால் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது இம்மண்ணிலிருந்து அடியோடு மறைந்துபோயிற்று. 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பிரயாணத்தின்போது ஸ்பானியக் கப்பல்களில் ஏறி மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1519இல் கோர்ட்டெஸின் படையோடு மெக்ஸிகோ கரைக்கும் வந்திறங்கிய குதிரைகளின் சந்ததிகளும், பின்னாளில் பண்ணைக்காரர்களிடமிருந்தும் குதிரைப் படைகளிலிருந்தும் தப்பியோடியவையும், வேண்டாமென்று அவிழ்த்துவிடப்பட்டவையும் கலந்து பெருகியதே இன்று நாம் மஸ்டாங் என்று வழங்கும் கூட்டம். மனிதனிடமிருந்து விலகிக் காட்டில் பிறந்து வளர்ந்தவை என்ற அர்த்தத்திலேதான் இவை காட்டுக் குதிரைகள். நம்முடைய கோடியக்கரைக் காட்டிலும் ஈழத்தின் நெடுந்தீவிலும் தாமாகத் திரியும் மட்டக்குதிரைகளும் இவ்வாறே யாரோ ஒரு காலத்தில் வளர்த்த குதிரைகளின் வம்சந்தான்.

அமெரிக்கக் குதிரைகளுக்கு இன்று சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறதென்றால் அதற்கு மூலகாரணமாயிருந்தவர் வெல்மா ஜான்ஸ்டன் என்ற மாதரசி. இளம்பிராயத்தில் இளம்பிள்ளை வாதத்தால் அவதியுற்று, ரீனோவில் ஓர் அலுவலகத்தில் காரியதரிசியாகப் பணியாற்றிவந்த அவர், 1950ஆம் ஆண்டில் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில், முன்னே சென்ற லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்டு பின்தொடர்ந்து போய், கசாப்புக்காகப் பிடிக்கப்பட்ட குதிரைகள் அதில் குற்றுயிராக அடைபட்டிருந்த கோலத்தைப் பார்த்தார். விமானங்களாலும் மோட்டார் வண்டிகளாலும் துரத்திக் களைத்து விழச் செய்து, நாய்த் தீனி ஆலைகளுக்கு எடை போட்டு விற்பது அந்நாளில் ஒரு வியாபாரமாகவே நடந்துவந்தது. அதைத் தடுக்க வேண்டுமென்று அவர் எடுத்துக்கொண்ட விரதத்தின் பயனாக, வாகனங்களைக் கொண்டு வேட்டையாடுவதையும் நீர்நிலைகளில் நஞ்சிடுவதையும் விலக்கும் சட்டம் 1959இல் வந்தது. அதன் பிறகும் அவர் ஓயவில்லை. நாடெங்குமுள்ள பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிய கடிதங்கள் காங்கிரஸ் சபை அங்கத்தினர்களின் மேஜைகளில் வந்து குவிந்தன. ஈற்றில், 1971 டிசம்பர் 15ஆம் தேதி ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம், பொது நிலங்களில் சுதந்தரமாகத் திரியும் குதிரைகளையும் கழுதைகளையும் மத்திய சர்க்காரின் பராமரிப்பில் கொண்டுவந்தது. குழந்தைகளின் கருணை ஒரு தேசத்தின் சட்டமாக மாறிய சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் அதிகமில்லை. இதை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் உருகுகிறது.

சட்டம் குதிரைகளைக் காப்பாற்றியது. ஆனால் புல்லைப் பெருக்கித் தர எந்தச் சட்டத்தாலும் முடியாதல்லவா? அடித்துத் தின்னும் மிருகங்கள் அருகிவிட்ட இப்பிரதேசத்தில் ஒரு குதிரைக் கூட்டம் நாலைந்து ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடக்கூடும். நிலம் தாங்கக்கூடியது ஏறத்தாழ 27,000 உருப்படிகள்தாம் என்று மத்திய சர்க்காரின் நில நிர்வாகத் துறையார் கணக்கிட்டிருக்க, 2020ஆம் ஆண்டில் பொது நிலங்களில் இருந்தவை கழுதைகளையும் சேர்த்து ஏறக்குறைய 95,000. அவற்றில் பாதிக்குமேல் நெவாடா மாநிலத்தில் மட்டும். ஆடுமாடுகளுக்கு விடப்படும் மேய்ச்சல் பாத்தியதையைக் குறைத்தால் குதிரைகளுக்கு இடமுண்டென்று குதிரை அபிமானிகளும், வறட்சியில் மண் வெறுமையாகிவிடுகிறதே என்று மறு தரப்பாரும் வாதிடுகிறார்கள். ஹெலிகாப்டரால் துரத்திப் பிடிப்பதைக் காட்டிலும், கருத்தடை மருந்தை ஊசியம்பால் தொலைவிலிருந்து செலுத்தும் முறையை இன்னும் தீவிரமாகக் கையாள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே பிடிக்கப்பட்டுப் பட்டிகளிலும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களிலும் சர்க்கார் செலவில் நாளைக் கழித்துவரும் பல்லாயிரக்கணக்கான குதிரைகளுக்கு, மனிதனோடு கூடி வாழும் புதிய வாழ்க்கை ஒன்று கிடைப்பதற்கான வாசல், சுவீகாரம்தான்.

சுவீகாரத்துக்காக அத்துறையிடம் விண்ணப்பிப்பவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பிராணிகளை வதைத்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவராய் இருத்தல் ஆகாது. பழக்கப்படாத குதிரைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 125 டாலர். இவ்வளவு அற்பமான தொகைக்கு ஒரு குதிரையா என்று ஆச்சரியப்படுகிறவர்கள், அந்தத் தொகை குதிரையின் விலையன்று, அதற்குப் பின்னே நிற்கும் செலவுகளின் வாயிற்படி என்பதை உணர்ந்துகொள்ள வேண்டும்.

இப்போது வேலிக்கு வருவோம். ஒரு குதிரைக்கு நானூறு சதுர அடி, அதாவது இருபதடிக்கு இருபதடி இடமாவது கொண்ட பட்டி வேண்டும். பதினெட்டு மாதங்களுக்கு மேற்பட்ட, மனிதக் கை படாத குதிரையானால் வேலி ஆறடி உயரம் இருக்க வேண்டும். அதற்கு இளைய குதிரைக்கு ஐந்தடி. கழுதைக்கு நாலரை அடி. முள்கம்பி கூடவே கூடாது. பயந்து பாயும் குதிரையின் கண்ணுக்கு மெல்லிய கம்பி புலப்படுவதில்லை. புலப்படாத கம்பியின்மேல் அது தன் முழுக் கனத்தோடும் மோதினால் சதை எலும்பு வரை கிழிந்துபோகும். ஆகவே இரும்புக் குழாய்களோ கனத்த மரச் சட்டங்களோதான் ஏற்கப்படுகின்றன. ஆறடி எதற்கு என்ற கேள்விக்கு, பிறந்தது முதல் பாறையையும் ஓடையையும் தாண்டிப் பழகிய பிராணி நம் வேலியையும் தாண்டிவிடக்கூடிய மற்றொரு பாறையாகவே முதலில் மதிப்பிடும் என்பதே பதில். வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்க இரண்டு பக்கமாவது சுவரும் மேலே கூரையும் உள்ள லாயம் வேண்டும். மழை பெய்தால் நீர் தேங்காமல் வடிந்தோட வேண்டும். வண்டியின் பின்கதவைப் பட்டியின் வாசலோடு நேராகப் பொருத்தி, இடைவெளியே இல்லாமல் குதிரையை உள்ளே இறக்கும்படி வழி அமைந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் ஒருமுறை இறங்கிவிட்ட காட்டுக் குதிரையைத் திரும்பப் பிடிப்பது நம்மைப் போன்றவர்களால் ஆகிற காரியமன்று.

எங்கள் குதிரைக்கான பட்டி முடிந்தபோது, பக்கத்துப் பண்ணையில் வாழ்நாள் முழுதும் குதிரைகளோடு கழித்த மூதாட்டி ஒருவர் தாமாகவே வந்து பார்த்தார். உயரத்தை அவர் அளக்கவில்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளங்கையால் ஒவ்வொரு குழாயையும் தடவிக்கொண்டே பட்டியை உட்புறமாக ஒரு சுற்றுச் சுற்றினார். குழாய்கள் கூடும் ஓர் இடத்தில் கம்பிக் கொக்கியின் முனை நெல்மணி அளவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்று, “என் கையைக் கீறாதது எதுவோ அதுதான் குதிரையின் தோலையும் கீறாது” என்று சொல்லி, அதை வளைத்துத் தட்டிய பிறகே நகர்ந்தார். வேலியைப் பரிசோதிக்க இதைவிடச் சிறந்த முறை எந்தப் புத்தகத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகுதான், ரீனோவுக்கு வடக்கே பாலமினோ பள்ளத்தாக்கில் உள்ள சர்க்கார் நிலையத்துக்குச் சென்றோம். கூட்டங்கூட்டமாக நிற்கும் குதிரைகளுக்கிடையே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நிறத்துக்கு மயங்குகிறவர்கள் அதிகம். வேலியை நோக்கிப் பாய்வதும் வேண்டாம், கூட்டத்துக்குள்ளே தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்குவதும் வேண்டாம். நின்று, காதுகளை முன்னே திருப்பி, இது என்ன பிராணி என்று நம்மை ஆராய்கிற குதிரையே நல்லது என்று அந்த மூதாட்டி உபதேசித்திருந்தார். அவ்வாறு நின்று எங்களைப் பார்த்தது ஒரு செவலைப் பெட்டை. அதன் கழுத்தின் இடப்புறத்தில், பிடரிக்குக் கீழே, கோணல் கோணலான வெண்ணிறக் குறிகள் வரிசையாகத் தெரிந்தன. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் இடும் முத்திரை அது. காய்ச்சிய இரும்பைப் போல் அது தோலைப் பொசுக்குவதில்லை, ரோமத்தின் நிறத்தை உண்டாக்கும் சக்தியை மட்டும் அழித்துவிடுவதால் அவ்விடத்தில் வெள்ளை ரோமம் முளைக்கிறது. முதற்குறி சர்க்காருக்கு உரியது. ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும் இரண்டு குறிகள் பிறந்த ஆண்டு. அதற்கப்பால் பதிவு எண். தடுப்பு வழியில் நிறுத்தித் தலைக்கயிறு மாட்டி, பிற்பாடு நாம் பற்றிக்கொள்ள வசதியாக ஒரு நீண்ட கயிற்றையும் தொங்கவிட்டே அனுப்பினார்கள்.

தீனியைப் பற்றித்தான் நம்மவர்களுக்குத் தவறான எண்ணங்கள் மிகுதி. ஊரிலிருக்கும் என் தாயார், குதிரை வந்த செய்தி கேட்டதும் தொலைபேசியில், “கொள்ளை ஊறப்போட்டு வைக்கக் கூடாதாப்பா? பாவம், காட்டிலே அலைஞ்சு எலும்புந்தோலுமா வந்திருக்குமே” என்றார். “இல்லேம்மா, இதுக்குக் காஞ்ச புல்லைத் தவிர எது கொடுத்தாலும் இப்போ கெடுதல்தான்” என்று நான் சொன்னபோது அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பாலைநிலத்துக் காய்ந்த புல்லைப் பகலும் இரவுமாகக் கொறித்துக்கொண்டே தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே மைல்கணக்கில் நடந்து வளர்ந்த உடம்பு அது. அதன் முன்னே தானியத்தையும் கொழுத்த குதிரை மசாலையும் குவித்தால் வயிற்றுவலி வரும். அல்லது குளம்புக்குள்ளே அழற்சி கண்டு நிரந்தரமாக நொண்டிப் போகும். குதிரைக்கு வாந்தி எடுக்கும் சக்தி கிடையாதென்பதால் வயிற்றில் சிக்கிக்கொண்டது வந்த வழியே திரும்புவதில்லை. நமக்குச் சாதாரணமான வயிற்றுவலி அதற்குப் பிராணாபத்தாக முடியக்கூடும். ஆகையால் எந்த மாறுதலையும் சிறுகச் சிறுகப் பல நாட்களில் செய்ய வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த புல் என்பது பொதுவான கணக்கு. நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று டன். அதை நனையாமல் அடுக்கிவைக்கக் கொட்டகை வேண்டும். தண்ணீர் நாளொன்றுக்கு இருபது முதல் நாற்பது லிட்டர் வரை குடிக்கும். குளிர்காலத்தில் தொட்டி உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் தண்ணீர் இருந்தும் தாகத்தால் வாடும்.

இங்கே நம்முடைய பழஞ்சரித்திரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலேறி வந்ததையும், பெரும்பொருள் கொடுத்து அரசர்கள் அவற்றை வாங்கியதையும், ஓராண்டுக்குள் அவற்றில் மிகப் பல மாண்டுபோனதையும் எழுதிவைத்திருக்கிறார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் அந்நாட்டில் இல்லை என்றும், அத்தகையவர்கள் அங்கே போகாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். சொன்னதெல்லாம் அப்படியே உண்மையா என்று ஆராய்ச்சியாளர்கள் தீர்மானிக்கட்டும். குதிரையை வாங்கப் பொருள் இருந்தும் குதிரையைப் பற்றிய ஞானம் கூடவே வராமற்போனால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் நான் அறிந்த வரையில் இல்லை.

குளம்பைக் கவனிப்பது அடுத்த பெரும்பொறுப்பு. காட்டிலே கல்லிலும் சரளையிலும் நடந்து தானே தேய்ந்துகொள்ளும் குளம்பு, பட்டியின் மெத்தென்ற மண்ணில் தேய்வதில்லை. ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்கிவிட வேண்டும். ஆனால், தன்னைத் தொடவே விடாத குதிரை காலைத் தூக்கிக் கொடுக்குமா? ஓடுவதையே உயிர் காக்கும் உபாயமாகக் கொண்ட ஜாதி அது. ஒரு காலை மனிதன் கையில் ஒப்படைப்பதென்பது ஓட்டத்தையே ஒப்படைப்பதாகும். ஆகவே காட்டுக் குதிரைக்குச் சேணமும் சவாரியும் கற்பிப்பதற்கு வெகு முன்பாகவே கால் கொடுக்கக் கற்பிக்க வேண்டும். ரணஜன்னி முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி, குடற்புழுவுக்கு மருந்து, கூரான பற்களை ராவிவிடுதல் ஆகிய வைத்தியங்கள் எல்லாவற்றுக்கும் தொட இடங்கொடுப்பதே முதற்படி.

அந்தத் தொடுதலுக்கு இட்டுச்செல்லும் மார்க்கம் பொறுமை ஒன்றுதான். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறையத் தன்னைச் சுற்றிலும் அது பார்த்துவிடுகிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரியாத சிறு பகுதிகள் உண்டு. அங்கிருந்து அணுகுவதும், இரு கண்களாலும் உற்றுப் பார்த்துக்கொண்டே நேராக நடந்துவருவதும் வேட்டைமிருகத்தின் லட்சணங்களாக அதற்குத் தோன்றும். பார்வையைத் தாழ்த்தி, தோளை நோக்கிச் சாய்வாக நடந்து, அது அஞ்சத் தொடங்கும் எல்லையிலேயே நின்றுவிட வேண்டும். அது ஓடாமல் நின்றால் உடனே நாம் பின்வாங்க வேண்டும். பின்வாங்குவதுதான் அதற்குப் பரிசு. நெருக்குதலினால் அன்று, நெருக்குதலை விடுகிற கணத்திலேதான் குதிரை கற்றுக்கொள்கிறது என்பதைக் குதிரைப் பயிற்சியாளர்களான டாம் டாரன்ஸும் ரே ஹண்ட்டும் இந்நாட்டுக் குதிரைக்காரர்களுக்கு வாழ்நாள் முழுதும் எடுத்துக்காட்டி வந்தார்கள். அதற்கு முன், தரையில் தள்ளிக் கட்டி, உடல் சோரும்வரை துள்ளவிட்டு அடக்குவதே இங்கே வழக்கமாயிருந்தது. அவ்வாறு அடங்கிய குதிரை பணியும், நம்பாது.

முதன்முதலாகச் செவலையைத் தொட்டது என் கையன்று. நுனியில் துணி சுற்றிய நீண்ட மூங்கில் கழி. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடமான தோள்மேட்டில் அந்தத் துணி நுனி பட்டதும் அதன் தோல் ஈ மொய்த்தாற்போல் சிலிர்த்தது. ஒரு காது என் பக்கமும் மறு காது கழியின் பக்கமும் திரும்பின. கழியை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். எடுத்தேன். வெகு நேரத்துக்குப் பின் அது தலையைத் தாழ்த்தி, உதடுகளை நக்கி, ஒன்றுமில்லாத வாயை மென்றது. இறுக்கம் தளர்ந்ததற்கு அது அடையாளம். அன்றைக்கு அவ்வளவோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒருமுறை பார்க்கலாமே என்ற ஆசைதான் இவ்வித்தைக்குப் பெரிய சத்துரு. நாளுக்கு நாள் கழியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் கழி இருந்த இடத்தில் கை இருக்கும்.

ஓராண்டு முடியும்வரை குதிரை சர்க்காருடைய சொத்துத்தான். அதன்பின், அது நல்ல முறையில் பராமரிக்கப்பட்டிருக்கிறதென்று கால்நடை வைத்தியர் போன்ற தகுதியுள்ள ஒருவர் எழுதிக்கொடுத்த பிறகே உரிமைப் பத்திரம் நம் பெயருக்கு வரும். இந்த நிபந்தனை எத்தனை அவசியமானது என்பதையும், அதுகூடப் போதாதென்பதையும் அண்மைக் காலத்து அனுபவம் காட்டியது. 2019ஆம் ஆண்டில், பட்டிகளில் தேங்கிய குதிரைகளை விரைவில் வெளியேற்ற எண்ணி, சுவீகாரம் எடுப்பவர்களுக்குக் குதிரை ஒன்றுக்கு ஆயிரம் டாலர் வரை ஊக்கத்தொகை கொடுக்க நில நிர்வாகத் துறையார் ஏற்பாடு செய்தார்கள். பணத்துக்காகவே எடுத்துச் சென்ற சிலர், உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும், கசாப்பு வியாபாரிகள் வந்து வாங்கும் ஏலச் சந்தைகளுக்கு அக்குதிரைகளை ஓட்டிவிட்டார்கள் என்ற செய்தி 2021இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளியாயிற்று. அமெரிக்க மண்ணில் குதிரைக் கசாப்புக்கூடங்கள் 2007இலேயே மூடப்பட்டுவிட்டன. ஆனால் மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் லாரிகள் ஓடத்தான் செய்தன. பின்னர் வழக்கு நடந்து, 2025இல் நீதிமன்றம் அந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை ரத்துச் செய்தது. அது நியாயமான தீர்ப்பு. எடுக்கிறவன் கொடுக்கத் தயாராக வர வேண்டுமேயன்றி, வாங்குவதற்குக் கை நீட்டிக்கொண்டு வரலாகாது.

நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து முப்பது ஆண்டுகள்கூட இருக்கும். ஐம்பது வயதில் இளங்குதிரையை ஏற்கிறவர், தம் எழுபத்தைந்தாவது வயதில் பனிக்கால விடியலில் எழுந்துபோய்த் தொட்டியின் பனிக்கட்டியை உடைப்பவர் யார் என்பதை இன்றே யோசித்து, அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதிக்கும் ஒருவரிடம் பேசிவைக்க வேண்டும். குதிரைப் பழக்கமே இல்லாதவர்கள் நேரே கைபடாத குதிரையிடம் போக வேண்டாம். சில இடங்களில் சிறைவாசிகள் மாதக்கணக்கில் பாடுபட்டுப் பழக்கிய குதிரைகளும் சுவீகாரத்துக்குக் கிடைக்கின்றன. கூடுதலான தொகைக்கு அவற்றை ஏற்பதில் ஒரு குறைவும் இல்லை, அந்த மனிதர்களின் உழைப்புக்கு மரியாதை செய்த புண்ணியமும் உண்டு. சாந்த சுபாவமுள்ள கழுதைகள் கேட்பாரற்று நிற்கின்றன, அவற்றையும் மறந்துவிடாதீர்கள்.

மற்றபடி, மனம் ஒப்பி முன்வருகிற அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன், குளம்பு செதுக்குபவரும் குதிரை வைத்தியரும் உங்கள் ஊருக்கு வருவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குளிர்காலத்துக்கான புல்லை வாங்கிக் கொட்டகையில் அடுக்குங்கள். பட்டியை முடித்து, கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு சட்டத்தையும் தடவிப் பாருங்கள். இவையெல்லாம் ஆன பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.